11 ஸ்விட்ச், ஒரு வாசல்: ஸ்டாக்கா, கிளஸ்டரா, மேனேஜ்மென்ட் வீலேனா?

நான் பார்த்துக்கொள்வது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை. ஒரே வளாகத்தில் 5 கட்டடம், 11 நெட்வொர்க் ஸ்விட்ச் (கணினி, பிரிண்டர்களை இணைக்கும் பெட்டி). இரவு 11 மணிக்கு பெயின்ட் ஷாப்பில் பிரிண்டர் வரவில்லை என்று போன் வந்தால், வீட்டிலிருந்தே கோர் ஸ்விட்ச்சுக்குள் (மற்ற எல்லாம் வந்து சேரும் நடு ஸ்விட்ச்) போய் அங்கிருந்து மற்றதைத் தொட வேண்டும். இதற்கு இருக்கும் வழிகளில் மூன்றை நானே ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டாக், அதாவது பல ஸ்விட்ச்சைக் கேபிளால் கோத்து ஒன்றாக்குவது, அருமையானது, ஆனால் ரேக்கை விட்டு வெளியே வராது. சிஸ்கோ 3750 வரிசையில் 9 ஸ்விட்ச் வரை ஒன்றாகச் சேர்ந்து ஒரே ஐபி (நெட்வொர்க் முகவரி), ஒரே கன்ஃபிக் (அமைப்புகள்) என்று நிற்கும். தலைமை ஸ்விட்ச்சான மாஸ்டர் போனால் இன்னொன்று அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். ஆனால் பின்பக்க ஸ்டாக் கேபிளின் அதிகபட்ச நீளமே 3 மீட்டர். ஒரே ரேக்கில் நாலு ஸ்விட்ச் என்றால் யோசிக்காமல் ஸ்டாக் போடுங்கள். கட்டடம் விட்டுக் கட்டடம் என்றால் விட்டுவிடுங்கள்.

கிளஸ்டர், அதாவது கமாண்ட் ஸ்விட்ச் என்ற ஒன்றின் வழியாக மற்றவற்றை நடத்துவது, சிஸ்கோவின் பழைய கேட்டலிஸ்ட் ஸ்விட்ச்களில் வந்தது. கமாண்ட் ஸ்விட்ச்சையும் சேர்த்து 16 வரை. உறுப்பினர்களுக்குத் தனி ஐபி வேண்டாம். கமாண்ட் ஸ்விட்ச்சில் ‘ஆர்கமாண்ட் 5’ என்று அடித்தால் ஐந்தாவதற்குள் போய்விடலாம். ஐபியை மிச்சம் பிடிக்க நினைத்த காலத்தில் சரி. இன்று 10-ல் தொடங்கும் பிரைவேட் ஐபிக்கு என்ன பஞ்சம்? மாற்றாக இன்னொன்றை ஸ்டாண்ட்பை போட்டு வைக்காவிட்டால், கமாண்ட் ஸ்விட்ச் படுத்ததும் மற்றவை வேலை செய்துகொண்டிருந்தாலும் உள்ளே போக வழி இருக்காது. அவசரத்துக்கு ரிச்சி தெருவில் வாங்கி வந்த வேறு கம்பெனி ஸ்விட்ச் இதில் சேரவே சேராது.

எல்லா ஸ்விட்ச்சையும் ஒரே திரையிலிருந்து கன்ட்ரோலர் வைத்து நடத்தும் ஓமாடா, யூனிஃபை வகைகளும் அந்தந்த பிராண்டுக்குள்தான். புதிதாகத் தொடங்கும் கடைக்கோ விடுதிக்கோ நன்றாக இருக்கும். கலவையாகச் சேர்ந்துவிட்ட இடத்துக்கு உதவாது.

நான் நம்புவது தலைப்பில் உள்ள மூன்றாவதை: ஒவ்வொரு ஸ்விட்ச்சுக்கும் மேனேஜ்மென்ட் வீலேனில் (நிர்வாகத்துக்கென்று தனியே பிரித்த நெட்வொர்க், என்னிடம் எண் 99) தனி ஐபி, கோரிலிருந்து எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை லாகின்). எந்த பிராண்டானாலும் எஸ்எஸ்எச் இருந்தால் போதும். வெளியிலிருந்து விபிஎன் (இணையம் வழியே பாதுகாப்பான இணைப்பு) வழியாக வருபவருக்குக் கோர் மட்டுமே தெரியும். ஆக்சஸ் லிஸ்ட் (யார் உள்ளே வரலாம் என்ற பட்டியல்) ஓரிடத்தில் எழுதினால் முடிந்தது. இன்னொரு லாபமும் உண்டு. ஏதோ ஒரு ஸ்விட்ச்சில் டிஃபால்ட் கேட்வே (வேறு நெட்வொர்க்குக்குப் போகும் வழி) போட மறந்திருந்தால் விபிஎன்னிலிருந்து நேராக எட்டாது. கோர் அதே வீலேனில் இருப்பதால் அங்கிருந்து எட்டும். இப்படி இரண்டு முறை தப்பித்திருக்கிறேன்.

ஆபத்து இதிலும் உண்டு. ஒரு நவம்பர் மழை இரவில் பெயின்ட் ஷாப் ஸ்விட்ச்சின் அப்லிங்க் டிரங்கில் (பல வீலேன்களை மேலே சுமக்கும் இணைப்பு) வீலேன் 30-ஐச் சேர்க்கப் போனேன். ‘அலவ்டு வீலேன் ஆட் 30’ என்பதில் ‘ஆட்’ விட்டுப்போயிற்று. பட்டியலில் 30 மட்டும் மிஞ்சி, 99 போயே போயிற்று. என் திரை அப்படியே உறைந்தது. அதற்குப் பின்னால் இருந்த 2 ஸ்விட்ச்சும் சேர்ந்து மறைந்தன. சேவ் செய்யவில்லை, பவரைப் பிடுங்கிச் சொருகினாலே பழைய கன்ஃபிக் வந்துவிடும். ஆனால் ரேக் அறைச் சாவி என் பையில். ரெயின்கோட் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அன்றிலிருந்து வேலை தொடங்குமுன் ஒரு முறை சேவ் செய்துவிட்டு ‘ரீலோட் இன் 10’ கொடுக்கிறேன். மாட்டிக்கொண்டால் 10 நிமிடத்தில் அதுவே ரீபூட் ஆகிப் பழைய நிலைக்கு வரும். எல்லாம் சரி என்றால் ‘ரீலோட் கேன்சல்’, அப்புறம் சேவ்.

கோரே படுத்தால் இந்த வழியும் நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் நின்றது. நேரில் போவது நடக்கிற காரியமாக இல்லை. அதனால் கோரின் கன்சோல் போர்ட்டில் (நெட்வொர்க் இல்லாமலே உள்ளே போகும் வாசல்) ஒரு 4ஜி ரூட்டரை மாட்டி, இரண்டையும் ஒரே யுபிஎஸ்ஸில் விட்டிருக்கிறேன். ஸ்டாக் கேபிளுக்கு ஒதுக்கியிருந்த பணம் அதற்குத்தான் போயிற்று.