எலி கடித்த ஒயரும் 52 எச்பி டிராக்டரும்: ஒன்றரை வருஷ அனுபவம்

வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது, மீட்டரில் 1,100 மணி தாண்டிவிட்டது, இனி தைரியமாக எழுதலாம். கம்பெனி பேர் சொல்லப் போவதில்லை, இந்த ரகத்தில் எதை எடுத்தாலும் ஏறக்குறைய இதே சாமான்தான். 52 எச்பி, காமன் ரெயில் எஞ்சின் (டீசல் பீய்ச்சுவதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் ரகம்), டிஜிட்டல் மீட்டர், உள்ளே ஒரு சிம் கார்டு, அதற்குச் செல்போனில் ஒரு ஆப். தோட்டம் வாழப்பாடி பக்கம். மரவள்ளி, கொஞ்சம் பாக்கு, மேட்டுக்காட்டில் ஆடிப் பட்டத்துக்கு மக்காச்சோளம், மீதி நாளில் வாடகை உழவு. இதற்கு முன்னால் 15 வருஷம் ஓட்டியது ஒரு 39 எச்பி வண்டி. அதில் எலக்ட்ரானிக் என்று சொன்னால் ஹாரன்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பவர் ஸ்டியரிங்குக்குக் கும்பிடு போடலாம். பழைய வண்டியில் நாள் முழுக்க ரொட்டவேட்டர் (சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறும் கருவி) ஓட்டிவிட்டு வந்தால் ராத்திரி சோறு பிசையக் கை வராது. ஆயில் பிரேக்கும் அப்படித்தான், கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு சேகோ (ஜவ்வரிசி) பேக்டரிக்குப் போகும் வழியில் சரிவு இறங்கினால் அதன் அருமை தெரியும். ரிவர்ஸ் பிடிஓ இன்னொன்று, பிடிஓ என்பது பின்னால் மாட்டிய கருவியைச் சுழற்றும் தண்டு, ரிவர்ஸ் இருந்தால் அது திருப்பியும் சுற்றும்: மரவள்ளிக் குச்சியும் கொடியும் ரொட்டவேட்டர் கத்தியில் சுற்றிக்கொண்டால் முன்பு இறங்கி அரிவாளால் அறுத்துக்கொண்டிருப்போம், இப்போது பின்பக்கமாக ஒரு சுற்று விட்டால் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது. இது எதற்கும் சிம் கார்டு வேண்டாம் என்பதைக் கவனியுங்கள்.

அப்புறம் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் டிராப்ட் கன்ட்ரோல் லீவர். கலப்பை கெட்டி மண்ணில் மாட்டி இழுவை கூடினால் ஹைட்ராலிக் தானாகக் கொஞ்சம் தூக்கிக்கொடுக்கும், இளகிய மண் வந்ததும் இறக்கிவிடும். எங்கள் செம்மண்ணில் கல் அதிகம், இது இல்லையென்றால் கொழு தினமும் போகும். ஹாரி பெர்குசன் என்பவர் 1930களிலேயே டிராக்டரில் கொண்டுவந்த ஏற்பாடு, ஒரு ஒயர் கிடையாது. இன்றைக்கும் டிராக்டரில் மூளையுள்ள பாகம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

இனி எலி கதை. போன சித்திரையில் ராத்திரி நல்ல கோடை மழை. இரண்டு நாள் விட்டால் பதம் போய்விடும், மூன்று பேர் உழவுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். காலையில் ஸ்டார்ட் செய்தால் மீட்டரில் மஞ்சள் விளக்கு, என்ன செய்தாலும் எஞ்சின் 1,200 ஆர்பிஎம்முக்கு மேல் ஏறவில்லை. ஷெட்டில் சோளத்தட்டு அடுக்கியிருந்தேன், எலிக்குக் கேட்கவா வேண்டும், ஏதோ சென்சாருக்குப் போகும் ஒயரைக் கொறித்து வைத்திருக்கிறது. எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "ஒயரை ஒட்டிடுவேன் தம்பி, ஆனா லேப்டாப் போட்டாத்தான் கம்ப்யூட்டர்ல பதிஞ்ச எரர் கோடு அழியும்" என்று கையை விரித்துவிட்டார். லேப்டாப் வந்து சேர மூன்று நாள். அந்த மூன்று காட்டையும் பக்கத்துத் தோட்டத்து இருபது வருஷப் பழைய வண்டி உழுது முடித்தது. ஒயருக்கு ஆன செலவு சொற்பம். கைவிட்டுப் போன வாடகையைக் கணக்குப் போட்டால்தான் வயிறு எரியும்.

இந்தக் கம்ப்யூட்டர் நாம் கேட்டு வந்ததல்ல. 50 எச்பிக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து டிரெம் 4 புகைக் கட்டுப்பாடு வந்தது, அதற்காகத்தான் காமன் ரெயில் வந்தது. கடையில் 49, 49.5 எச்பி என்று வரிசையாக வண்டி நிற்பதன் ரகசியம் இதுதான், அந்தக் கோட்டுக்குக் கீழே பழைய மாதிரி மெக்கானிக்கல் பம்ப் போதும். காமன் ரெயில் டீசல் மிச்சம் பிடிக்கிறது, புகையும் இல்லை, மறுக்கவில்லை. ஆனால் பழைய கேனில் வாங்கி வைத்த டீசலைத் துணியில் வடிகட்டி ஊற்றும் வேலை இதில் ஆகாது, கொஞ்சம் தண்ணீரோ தூசியோ போனால் இன்ஜெக்டர் செலவு கண்ணைக் கட்டும்.

ஆப்பைத் திட்டத்தான் நினைத்திருந்தேன். ஆனால் வாடகைக்கு விடுபவனுக்கு அது உதவுகிறது. எத்தனை மணி ஓடியது என்று டிரைவர் ஒன்று சொல்வார், காட்டுக்காரர் ஒன்று சொல்வார், இப்போது போனை நீட்டிவிடுகிறேன், பேச்சே இல்லை. சொந்தக் காட்டை மட்டும் உழுபவருக்கு இதனால் ஒன்றும் இல்லை. இலவசக் காலம் முடிந்ததும் ரீசார்ஜ் செய்யச் சொல்வார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஷோரூமில் தானாகத் திரும்பும் ஜிபிஎஸ் ஸ்டியரிங் வீடியோ ஒன்றும் காட்டினார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே காடாக இருந்தால் சரி. என் 60 சென்ட் காட்டில் நடுவில் ஒரு கிணறு, வரப்போரம் எட்டு தென்னை, நேராக ஒரு நிமிஷம் போனால் திருப்பியாக வேண்டும். ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் நண்பரிடம் சொன்னேன், அவர் சிரித்தார். அவர் சரிவில், சில்வர் ஓக்குக்கு நடுவில், இந்த வண்டியே ஏறாது.

ஆத்தூர் மச்சான் இப்போது வண்டி பார்க்கிறான். 2025 செப்டம்பர் 22லிருந்து ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது, எனக்குக் கிடைக்காத லாபம் அவனுக்கு. 49ல் எடு, டூயல் கிளட்ச் (வண்டியை நிறுத்தினாலும் பிடிஓ சுற்றிக்கொண்டிருக்கும்), பவர் ஸ்டியரிங், ரிவர்ஸ் பிடிஓ இருந்தால் போதும் என்றேன். "டிஜிட்டல் மீட்டர் வேண்டாமா மாமா?" என்கிறான். மீட்டர் இருக்கட்டும், ஷெட்டிலிருந்து சோளத்தட்டை முதலில் எடு என்று சொல்லியிருக்கிறேன்.