கமடோர் 64க்கு மாதிரி நிரல்: பேசிக்கா, அசெம்பிளியா, சி மொழியா?

பழைய வீட்டுக் கணினிகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதல் தகராறே இதுதான்: மாதிரி நிரலை எந்த மொழியில் தருவது? சின்ன வேலை ஒன்றை வைத்தே பார்த்துவிடலாம். 1982இல் வந்த கமடோர் 64இல் திரையின் ஓரத்தைக் கறுப்பாக்க வேண்டும்.

பேசிக்கில் ஒரே வரி: போக் 53280,0. கணினியைப் போட்டதுமே பேசிக் தயாராக நிற்கும். தனியாக எதையும் ஏற்ற வேண்டாம். ஆனால் அந்த வரியைப் படித்து யாருக்கு என்ன புரியும்? 53280 என்பது திரையைக் கவனிக்கும் சிப்பில் ஒரு முகவரி, 0 என்றால் கறுப்பு, ‘போக்’ என்றால் அந்த எண்ணை அங்கே வை, அவ்வளவுதான். இந்த பேசிக்கில் நிறத்துக்கும் ஒலிக்கும் தனிக் கட்டளையே கிடையாது. அதே ஆண்டு வந்த ஸ்பெக்ட்ரம் கணினியில் ‘பார்டர் 0’ என்றால் போதும், வரியே பொருள் சொல்லிவிடும். அதை அப்படியே கமடோரில் அடித்தால் பிழைதான் வரும். பேசிக் எல்லாக் கணினிக்கும் பொது என்பதெல்லாம் பேச்சுக்குத்தான்.

சரி, இயந்திரத்தின் சொந்தக் கட்டளைகளையே எழுதும் அசெம்பிளி? இதே வேலைக்கு ஆறு பைட்: 169, 0, 141, 32, 208, 96. முதல் இரண்டும் பூஜ்யத்தைக் கையில் எடுக்கின்றன. 141 அதை ஓர் இடத்தில் வைக்கிறது. எந்த இடம்? 208ஐ 256ஆல் பெருக்கி 32ஐக் கூட்டுங்கள்: அதே 53280. கடைசி 96, ‘வேலை முடிந்தது, திரும்பு’. இயந்திரம் உள்ளே எப்படி நடக்கிறது என்பதை இவ்வளவு சுருக்கமாக வேறு எந்த மொழியும் காட்டாது. தொல்லை என்னவென்றால், அசெம்பிளியை எண்களாக மாற்றித் தரும் அசெம்ப்ளர் இல்லாதவர் இதை பேசிக்கின் டேட்டா வரிகளாக அடித்து, நினைவகத்தில் 49152 என்ற முகவரியில் ஏற்றி, ‘அங்கிருந்து ஓடு’ என்னும் சிஸ் கட்டளையால் ஓட்ட வேண்டும். 96க்கு 69 என்று விரல் தவறினால் நிரல் எங்கே போய் நிற்குமோ தெரியாது.

இந்தச் சண்டையே இல்லாத கணினி 1981இன் பிபிசி மைக்ரோ. சோஃபி வில்சன் எழுதிய அதன் பேசிக்கில் சதுர அடைப்புக்குறி போட்டு உள்ளேயே அசெம்பிளி எழுதலாம். 1980களின் நடுவில் கணினிக் கல்விக்கான கிளாஸ் திட்டத்தின் வழியே இந்தியப் பள்ளிகளுக்கு வந்ததும் இதுதான்.

சி மொழி எழுதுபவருக்குச் சுகம். இன்றைய மடிக்கணினியில் எழுதி, சிசி65 என்ற தொகுப்பியால் கமடோருக்கான நிரலாக மாற்றி அனுப்பலாம். ஆனால் படிப்பவர் கமடோரின் முன் உட்கார்ந்து அடித்துப் பார்க்க முடியாதே! எனவே எனக்கு அது வேண்டாம்.

ஓர நிறத்துக்கு பேசிக்கே போதும். திரையின் 1000 கட்டங்களையும் ஓர் எழுத்தால் நிரப்புவதென்றால் கதை வேறு. பேசிக்கில் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்புவதைச் சில நொடிகள் பார்த்துக்கொண்டிருக்கலாம். அசெம்பிளியில் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அங்கே நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தருவேன். அப்புறம் ஒன்று: சில கமடோர்களில் திரையின் எழுத்துகள் இருக்கும் 1024ஆம் முகவரியிலிருந்து எழுத்தை மட்டும் போக் செய்தால் அது பின்னணி நிறத்திலேயே விழுந்து கண்ணுக்குத் தெரியாது. நிறங்கள் இருக்கும் 55296இலிருந்து நிறத்தையும் சேர்த்தே போக் செய்துவிடுங்கள்.