பாங்காக்கிலிருந்து பினாங்கு: 45-ஆம் எண் ரயிலா, 31-ஆம் எண் ரயிலா?

பாங்காக்கில் மாலை ஏறிப் படுத்தால் மறுநாள் மதியத்துக்குள் பினாங்குக் கடற்கரையில் இருக்கலாம். முன்பு ஒரே வண்டி, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த் வரை நேராக ஓடியது. இப்போது தாய்லாந்து வண்டி எல்லை ஊரான பாடாங் பெசாரோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து மலேசியாவின் கொமூட்டர் மின்ரயிலுக்கு மாற வேண்டும். பாடாங் பெசாருக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்பதில் இரண்டு வழிகள் போட்டி போடுகின்றன: 45-ஆம் எண் சிறப்பு விரைவு வண்டியில் நேராகப் போவது, அல்லது புதிய பெட்டிகள் உள்ள 31-ஆம் எண் வண்டியில் தென் தாய்லாந்து நகரமான ஹாட் யாய் வரை போய், அங்கே சிறிய ரயிலுக்கு மாறுவது. ஹாட் யாயிலிருந்து பினாங்குக்கு மினிவேனில் போவது மூன்றாவது வழி.

விமானத்தில் போனால் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ரயிலே வேண்டும் என்று முடிவு செய்துவிட்டவர்களுக்காகவே இந்த அலசல்.

என் ஓட்டு 45-க்குத்தான். ஆனால் வசதியை மட்டும் பார்த்தால் 31 முன்னே நிற்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதில் ஓடுவது 2016-இல் சீனாவிலிருந்து வந்த பெட்டிகள். ஒவ்வொரு பெர்த்துக்கும் மின் பிளக், படிப்பதற்கு விளக்கு, சுத்தமான கழிப்பறை, இருவர் தங்கும் முதல் வகுப்பு அறைகள் எல்லாம் உண்டு. 45-இல் பாடாங் பெசார் போகும் பெட்டிகளில் இரண்டாம் வகுப்பு ஏசி படுக்கை மட்டும்தான். பெட்டிகளும் பழையவை. பிளக்கை நம்பாமல் பவர் பேங்க் கொண்டுபோக வேண்டும். முதல் வகுப்பு அறை கட்டாயம் வேண்டும் என்பவர்கள் இங்கேயே 31-ஐத் தேர்ந்துகொள்ளலாம்.

மற்றவர்கள் பார்க்க வேண்டியது காலையில் நடப்பதை. நாகோன் பாதோமிலிருந்து சும்போன் வரை இப்போது இரட்டைப் பாதை. அதற்குத் தெற்கே ஹாட் யாய் வரை இன்னும் ஒற்றைப் பாதைதான். எதிரே வரும் வண்டிக்காக நிலையங்களில் ஒதுங்கி நின்று போவதால் அரை மணி, ஒரு மணி தாமதம் அங்கே சாதாரணம். எந்த வண்டியில் ஏறினாலும் இந்தத் தாமதத்துக்கு இடம் விட்டே திட்டமிட வேண்டும்.

31 தாமதமானால் பாதிப்பு உங்களுக்குத்தான். ஹாட் யாயிலிருந்து பாடாங் பெசாருக்கு சிறிய ரயில் ஒரு நாளில் இரண்டு நடைதான்: காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. காலை வண்டி உங்களுக்காக நிற்காது. இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதால், அதைத் தவறவிட்டால் கேட்க முடியாது. அடுத்தது பிற்பகலில்தான். இல்லையென்றால் மினிவேன்.

45 தாமதமானால் நீங்கள் படுத்திருக்கும் பெட்டியே எல்லை வரை போகிறது. மாற வேண்டிய வண்டி என்று தாய்லாந்துப் பக்கம் எதுவும் இல்லை. பாடாங் பெசாரில் குடிநுழைவு அதிகாரிகள் இந்த வண்டிக்காகவே இருப்பார்கள். தாண்டியதும் ஏறும் கொமூட்டர் ஒன்றைத் தவறவிட்டாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடுத்தது வந்துவிடும். ஒற்றைப் பாதையில் இழந்த நேரம் ஒரு நாளையே விழுங்கிவிடாமல் ஒரு மணியோடு நிற்கிறது. 45-ஐத் தேர்ந்தெடுக்க எனக்கு இந்தக் காரணம் ஒன்றே போதும்.

ஆனால் 45-இல் ஏறுபவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் ஏறக்கூடாது. பாங்காக்கில் நீங்கள் பார்ப்பது முழுவதும் 45 அல்ல. 37, 45 என்று இரண்டு எண்கள் ஒரே வண்டியாகக் கோக்கப்பட்டு மாலை நான்கு மணியளவில் கிளம்புகின்றன. விடிகாலையில் ஹாட் யாயில் பிரிக்கப்படுகின்றன. பெரும்பாலான பெட்டிகள் 37 ஆக யாலா வழியாகச் சுங்கை கோலோக் போகும். பின்னால் எஞ்சும் ஒன்றிரண்டு பெட்டிகளே 45 ஆகப் பாடாங் பெசார் வரும். ஹாட் யாயில் தவறான பெட்டியில் உட்கார்ந்திருந்தால், பல நாடுகள் தம் மக்களுக்குப் பயண எச்சரிக்கை விடுத்திருக்கும் தென் எல்லை மாகாணங்களுக்குள் போய்விடுவீர்கள். இதைத் தவிர்க்க:

டிக்கெட்டில் வண்டி எண் 45 என்றும், போகுமிடம் பாடாங் பெசார் என்றும் இருக்க வேண்டும். விலை கொஞ்சம் குறைகிறது என்று ஹாட் யாய் வரை எடுத்துவிட்டு, மீதியை வண்டியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஏறும்போது பெட்டியின் பக்கவாட்டில் உள்ள பலகையைப் பார்த்து, பெட்டி எண்ணை டிக்கெட்டோடு ஒத்துப்பாருங்கள். ஹாட் யாய் நெருங்கும்போது உணவுப் பெட்டியிலோ வேறு பெட்டியிலோ இருக்காதீர்கள், உங்கள் இடத்துக்குத் திரும்பிவிடுங்கள். உணவுப் பெட்டி இணைக்கப்பட்டிருந்தாலும் அது ஹாட் யாயோடு சரி. அங்கே பிளாட்பாரத்தில் பொரித்த கோழியும் சோற்றுப் பொட்டலமும் விற்பார்கள். ஹாட் யாய்க் கோழி தாய்லாந்து முழுக்கப் பேர்போனது.

சைவர்கள் முந்தின நாளே தயாராக இருப்பது நல்லது. காய்கறி உணவு என்று சொன்னாலும் மீன் சாறு சேர்ந்திருக்கும். "ஜே" என்று கேட்டால்தான் இறைச்சியும் மீன் சாறும் இல்லாத உணவு என்று புரிந்துகொள்வார்கள். வண்டியில் அதுவும் உறுதியில்லை. பழம், ரொட்டி, கொஞ்சம் வறுத்த கடலை பையில் இருக்கட்டும். ரயிலில் மது அருந்த 2014 முதல் தடை.

பெர்த் தேர்வில் தயங்கவே வேண்டாம், லோயர்தான். அப்பரைவிட ஏறத்தாழ நூறு பாட் கூடுதல். அந்தக் காசுக்கு அகலமான படுக்கையும் உங்களுக்கே உங்களுக்கான ஜன்னலும் கிடைக்கும். அப்பரில் ஜன்னல் இல்லை, நிமிர்ந்து உட்கார முடியாது, இரவு முழுக்க எரியும் விளக்கும் முகத்துக்கு நேரே. இரண்டு வண்டிகளிலும் ஏசி குளிர் கடுமை. போர்வை தருவார்கள், ஆனாலும் முழுக்கைச் சட்டையோ சால்வையோ இல்லாமல் தூக்கம் வராது. இருட்டும் நேரத்தில் ஊழியர் வந்து இருக்கையைப் படுக்கையாக மாற்றி, விரிப்பு போட்டுத் திரையையும் மாட்டிவிடுவார். காலையில் அவரே கலைப்பார்.

45-க்கான இடங்கள் சீக்கிரம் தீர்ந்துபோவதற்குக் காரணம் அந்த ஒன்றிரண்டு பெட்டிகள்தான். சோங்கிரான் (தாய்லாந்துப் புத்தாண்டு), சீனப் புத்தாண்டு, மலேசியப் பள்ளி விடுமுறை நாட்களில் முன்பதிவு திறந்ததும் எடுத்துவிட வேண்டும். தாய்லாந்து ரயில்வேயின் இணையதளத்திலேயே எடுக்கலாம். கிளம்பும் இடம் குருங் தேப் அபிவாட் நிலையம். 2023 ஜனவரியில் தொலைதூர வண்டிகள் அங்கே மாறிவிட்டன. பழைய நினைப்பில் ஹுவா லாம்போங் போனால் வண்டி கிடைக்காது. பாங் சூ மெட்ரோவில் இறங்கி மேலே வந்தால் போதும். நிலையம் மிகப் பெரியது, அரை மணி முன்னதாகவாவது போய்ச் சேருங்கள்.

எல்லையில் 45-இன் இன்னொரு அனுகூலம் தெரியும். பாடாங் பெசாரில் தாய்லாந்து வெளியேற்ற முத்திரையும் மலேசிய நுழைவு முத்திரையும் ஒரே நிலையக் கட்டடத்திலேயே முடிந்துவிடும். எல்லாச் சாமான்களோடும் இறங்கி, முதலில் தாய்லாந்துக் கவுன்டர், பிறகு மலேசியக் கவுன்டர். மினிவேனில் போனால் சாடாவ், புக்கிட் காயு ஹீத்தாம் சாலை வழி. இரண்டு நாட்டுச் சாவடிகளிலும் தனித்தனியாக இறங்கி ஏற வேண்டும். வார இறுதியில் மலேசியர்கள் ஹாட் யாய்க்குத் திரள்வதால் வரிசை எவ்வளவு நீளும் என்று சொல்ல முடியாது. ஆனால் சிறு குழந்தைகளோடு, பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் ஓட்டல் வாசலிலேயே இறங்க வேண்டும் என்பவர்களுக்கு மினிவேன் பொருந்தும். அதை நான் ஒதுக்கிவிடவில்லை.

மலேசிய மின்வருகை அட்டையை வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். கட்டணம் கேட்டால் அது அரசுத் தளம் அல்ல. பினாங்கிலிருந்து பாங்காக் திரும்புகிறவர்கள் தாய்லாந்துக்கும் அதேபோல ஒன்று நிரப்ப வேண்டும், 2025 மே 1 முதல் கட்டாயம். ஒருமுறை நுழைவு விசாவில் தாய்லாந்தில் இருப்பவர்கள் கவனிக்க: வெளியேற்ற முத்திரை விழுந்ததும் அந்த விசா முடிந்தது.

அடுத்தது கடிகாரம். மலேசியா தாய்லாந்தைவிட ஒரு மணி நேரம் முன்னே. 45 தாய்லாந்து நேரப்படி எட்டு மணியளவில் வந்தால் கொமூட்டர் அட்டவணைக்கு அது ஒன்பது மணி. கைபேசி தானாக மாறாவிட்டால், ஒரு மணி நேரம் மிச்சம் இருக்கிறது என்று நிலைய மாடியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள், கீழே வண்டி போய்விடும். கொஞ்சம் ரிங்கிட்டைப் பாங்காக்கிலேயே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். எல்லையில் மாற்று விகிதம் பார்த்து அலைய நேரம் இருக்காது.

கொமூட்டர் பட்டர்வொர்த் போக ஏறத்தாழ இரண்டு மணி நேரம், கட்டணம் பன்னிரண்டு ரிங்கிட்டுக்குள். இரட்டை மின்பாதை என்பதால் இங்கே தாமதம் குறைவு. இதே நிலையத்தில் கோலாலம்பூர் போகும் இடிஎஸ் வேக வண்டியும் நிற்கும். அது பட்டர்வொர்த்துக்குள் நுழையாமல் புக்கிட் மெர்தாஜாம் வழியாகப் போய்விடும். வேகமாக இருக்கிறதே என்று அதில் ஏறிவிடாதீர்கள்.

பட்டர்வொர்த்தில் இறங்கினால் படகுத்துறை நடந்து போகும் தூரம்தான். ஃபெரி கால் மணி நேரத்தில் ஜார்ஜ் டவுன் கொண்டு விடும். கட்டணத்துக்கு வங்கி கார்டு கையில் இருக்கட்டும். பாலத்தில் டாக்சி பிடித்துச் சுற்றுவதற்கு இது எவ்வளவோ மேல். துறையிலிருந்து லிட்டில் இந்தியா நடந்தே போகலாம். 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோவில் அங்கேதான். தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த நாசி கண்டார் (சோறும் குழம்பும்) கடைகளில் மதியச் சாப்பாட்டுக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்வீர்கள். மணற்கரைக்கு அதே துறையில் 101-ஆம் எண் பேருந்து, பத்து ஃபெரிங்கி வரை. கடலில் குளிப்பதே பயணத்தின் நோக்கம் என்றால் பினாங்கைவிட லங்காவி நல்லது. இங்கே ஜெல்லி மீன் தொல்லை உண்டு. லங்காவிக்கு அதே கொமூட்டரில் ஆராவில் இறங்கி, டாக்சியில் கோலப்பெர்லிஸ் படகுத்துறைக்குப் போக வேண்டும்.

திரும்பும்போதும் இதே கணக்குதான். 46-ஆம் எண் வண்டி பாடாங் பெசாரில் தாய்லாந்து நேரம் மாலை ஐந்து மணியளவில், அதாவது மலேசிய நேரம் ஆறு மணிக்குக் கிளம்பும். பட்டர்வொர்த்தில் மதியக் கொமூட்டரைப் பிடித்துவிடுங்கள். கடைசி நேரத்து வண்டியை நம்பினால் குடிநுழைவு வரிசைக்கு நேரம் மிஞ்சாது. 46-க்கு இடம் கிடைக்காவிட்டால், முற்பகலிலேயே எல்லை தாண்டி ஹாட் யாய் போய், அங்கிருந்து 31-இன் திரும்பும் வண்டியான 32-இல் ஏறுங்கள். வடக்கு நோக்கி வரும்போது அந்தப் புதிய பெட்டிகளுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருப்பதில் நஷ்டமில்லை, இடையில் ஹாட் யாயில் ஒரு நல்ல மதியச் சாப்பாடும் கிடைக்கும்.