வங்கியா, வாடிக்கையாளரா? எம்.பி.ஏ. புராஜெக்ட்டுக்கு எது?

புதுச்சேரியில் எம்.பி.ஏ. படிக்கும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: வங்கியின் நிதி நலனை ஆராய்வதா, சமூக ஊடகம் பார்த்துப் பொருள் வாங்குபவர்களை ஆராய்வதா?

வங்கி என்றால் தரவு தயாராக இருக்கிறது. ஆண்டறிக்கைகளை எடுத்துவைத்து, வங்கியின் நிலையை மதிப்பிடும் கேமல் (CAMEL) முறையில் மூலதனம், சொத்துத் தரம், நிர்வாகம், வருவாய், பணப்புழக்கம் என்று பார்க்கலாம். ஆனால் விகிதம் போட்டால் மட்டும் போதாது. இந்தியன் வங்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி அதோடு இணைந்தது. அதற்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் அப்படியே ஒப்பிட்டால், இணைப்பால் வந்த பெருக்கம் வளர்ச்சி போலத் தெரியும். வாராக்கடன் விகிதம் குறைந்திருந்தாலும், பணம் வசூலானதா, கணக்கிலிருந்து நீக்கப்பட்டதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த வேலை இந்தத் தோண்டல்தான்.

வாடிக்கையாளர் ஆய்வுக்கு நேரு வீதியிலோ, கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ இறங்கி நிற்க வேண்டும். பலர் கூகுள் ஃபார்மை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, வந்த பதிலைப் 'புதுச்சேரி நுகர்வோர்' என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை. "விளம்பரம் பார்த்து வாங்குவீர்களா?" என்பதைவிட, "கடைசியாக என்ன வாங்கினீர்கள், முதலில் எங்கே பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள்.

கையில் இரண்டே மாதம் என்றால் வங்கியை எடுங்கள். முன்பின் தெரியாதவர்களிடம் பேசக் கூச்சமில்லை, மார்க்கெட்டிங் வேலைதான் வேண்டும் என்றால் இரண்டாவது.