காட்டியது ஒன்று, தந்தது ஒன்று: 420,000 ரூபா காதுக் கருவி

யாழ்ப்பாணத்தில் காதுக் கருவி வாங்க யோசிப்பவர்களும், அம்மா அப்பாவுக்கு வாங்கிக்கொடுக்க வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பப்போகிற பிள்ளைகளும் பணம் கட்டுமுன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். சோடி 420,000 ரூபா கொடுத்து வாங்கி, எட்டு மாதம் விசிலடிக்கிற கருவியோடு திரிந்தவன் நான். கடையின் பெயரை எழுதவில்லை, முறைப்பாடு விசாரணையில் இருக்கிறது. எழுதினாலும் அந்த ஒரு கடையைத்தான் தவிர்ப்பீர்கள். நான் சொல்லவந்தது அவர்கள் செய்த வித்தையை.

எனக்கு 67 வயது. அச்சகத்தில் 30 வருடத்துக்கு மேல் வேலை. தொடக்கத்தில் ஈய எழுத்துக் கோப்பவன், பிறகு மெசின் பக்கம் போனேன். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றபின் எங்கள் மெசின் மண்ணெண்ணெய் ஊற்றிய ஜெனரேட்டரில்தான் ஓடியது. அதற்கும் எனக்கும் நடுவில் ஒரு தகர மறைப்பு. காதுக்குப் பஞ்சு வைக்கவேண்டும் என்ற நினைப்பு அந்தக் காலத்தில் யாருக்கு வந்தது? காதை முழுக்க வானத்துச் சத்தத்துக்கு அல்லவா கொடுத்து வைத்திருந்தோம்.

இப்போது எனக்குச் சத்தம் கேட்கும், சொல் விளங்காது. காது நன்றாக இருப்பவர்களுக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்துவது கஷ்டம். மனைவி "கறி காணுமோ?" என்றால் "சரி, காணும்" என்பேன். கத்தி கேட்டால் சட்டியோடு போய் நிற்பேன். உயிரோசைகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் பலமாக வருவதால் தப்பிவிடுகின்றன. ச, த, க போன்ற எழுத்துகளின் ஒலி உயர்ந்த அதிர்வெண்ணில் மெலிதாக வரும், முதலில் தொலைவது அதுதான். கடை, வடை, சடை, படை எல்லாம் எனக்கு "அடை". ஈய எழுத்துப் பெட்டியில் பாதி அறை வெறுமையாகக் கிடக்க, இருக்கிற எழுத்தை வைத்து வரி கோத்தால் எப்படியிருக்கும்? அப்படி. சத்தத்தை மொத்தமாகக் கூட்டினால் அந்த "அடை" இன்னும் பெரிதாகக் கேட்குமே தவிர, முன்னால் வந்தது எந்த எழுத்து என்று தெரியாது.

போன வருடம் பருத்தித்துறை வீதியோரம் ஒரு மண்டபத்தில் "இலவசச் செவிப்புலன் பரிசோதனை" என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மனைவியோடு போனேன். சுவரோரம் ஒரு மேசை, மேலே கிறீச்சிடும் மின்விசிறி (எனக்குக் கேட்கவில்லை, மனைவி சொன்னது), வெளியே பஸ் ஹோர்ன். ஹெட்போனை மாட்டிவிட்டு, "சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கோ ஐயா" என்றார்கள். பத்து நிமிடத்தில் முடிந்தது. காதுக்குள் லைற் அடித்து ஒருவரும் பார்க்கவில்லை. கோடு கீறிய தாளைக் கேட்டபோது, "அது எங்கட ரிப்போட் ஐயா, எங்களிட்டையே பத்திரமாக் கிடக்கட்டும்" என்றார் அங்கே பரிசோதித்த தம்பி. நானும் சரி என்று விட்டுவிட்டேன். அந்தத் தாளை வாங்காமல் எழும்பியது முதல் பிழை. எந்த அதிர்வெண்ணில் எத்தனை டெசிபல் குறைவு என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி அதுதான். அது உங்கள் காதின் ரிப்போட், உங்கள் கையில்தான் இருக்கவேண்டும்.

அங்கே நடந்த இன்னொன்றை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது. எனக்கு முன்னால் ஓர் இளம் பெண். இரண்டு நாளுக்கு முன் காலையில் எழும்பும்போது ஒரு காது அடைத்துவிட்டதாகச் சொன்னாளாம். அவளுக்கும் கருவியின் விலைப்பட்டியலைத்தான் நீட்டினார்கள். திடீரென்று ஒரு காது போனால் அது அவசர விஷயம், சில நாட்களுக்குள் டொக்டர் மருந்து தொடங்கினால் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு என்று பிறகு ஆஸ்பத்திரியில் அறிந்தேன். அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்ததோ.

அடுத்த கிழமை கடைக்கு வரச்சொன்னார்கள். ஏசி அறை, கண்ணாடிக் கதவு, ஒரு சத்தமில்லை. தம்பி ஒரு டெமோ சோடியை மாட்டி, எனக்கு நேரே மூன்றடி தூரத்தில் இருந்து கதைத்தார். எல்லாம் விளங்கியது! அவர் பென்சிலால் எழுதுகிற சரசரப்புக்கூடக் கேட்டது. மனைவி சிரித்தாள், அவளுடைய சிரிப்புக்குச் சத்தம் உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. "16 சேனல் ஐயா, வெளியில தெரியவே தெரியாது" என்றார் (சேனல் என்றால் ஒலியைப் பிரித்துத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற பகுதி). அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் விழுந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். காதுக்குப் பின்னால் பெரிதாக ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு நல்லூர்த் திருவிழாவில் வேட்டியோடு நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ரொறன்ரோவில் இருக்கிற மகள் அனுப்பிய காசில் 200,000 முற்பணம் கட்டினேன். பற்றுச்சீட்டில் எழுதியது "ஹியறிங் எய்ட் - 1 சோடி". அவ்வளவுதான். மாடல் இல்லை, சீரியல் இலக்கம் இல்லை. வாழ்நாள் முழுக்கப் புரூப் பார்த்தவன் நான், அந்த ஒற்றை வரியில் பிழை தெரியவில்லை.

இரண்டு கிழமையில் கருவி வந்தது. அதே நிறம், அதே வடிவம். மீதிக் காசைக் கட்டிவிட்டு மாட்டினால் ஒலி மங்கல். "முதல்ல அப்பிடித்தான் ஐயா, மூளை பழகவேணும்" என்றார்.

இந்தச் சொல்லைக் கவனியுங்கள், ஏனென்றால் இது பொய் இல்லை. பல வருடம் கேளாத ஒலிகள் திரும்பி வரும்போது மூளைக்கு அவற்றோடு பழகச் சில கிழமைகள் வேண்டும்தான். பாதி உண்மையாக இருப்பதால்தான் இதை வைத்து ஆளை மாதக்கணக்கில் இழுக்கமுடிகிறது. மூளை பழகுவது காதுக்கு வந்துசேருகிற ஒலியோடு. வராத ஒலியோடு எப்படிப் பழகும்?

ஆறு தடவை போனேன். ஒவ்வொரு முறையும் கொம்பியூட்டரில் ஏதோ கூட்டினார்கள், கூட்டக்கூட விசில். தலையணையில் சாய்ந்தால் விசில், ஹெல்மெட் போட்டால் விசில், போனைக் காதருகே கொண்டுபோனால் விசில். கோயில் ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக்கைக் கொண்டுபோனால் கீ என்று கத்துமே, அதே சங்கதிதான். காதுக்குள் விட்ட சத்தம் வெளியே கசிந்து, மைக்கில் மறுபடி ஏறுகிறது. காதுக்குள் செருக எனக்குத் தந்த ரப்பர்க் குமிழில் ஓட்டைகள் இருந்தன. உயர்ந்த ஒலி மட்டும் கொஞ்சம் குறைந்தவர்களுக்கு அது நல்லது, காது அடைத்ததுபோல் இராது. என் நிலைக்கு அது ஓட்டை வாளி. விசில் எனக்குக் கேட்காது என்பது வேறு கதை, பக்கத்தில் இருப்பவர்கள் முகத்தைச் சுழிக்கும்போதுதான் தெரியும். எட்டாம் மாதம் தம்பியின் குரல் மாறியது. "ஐயா ஒழுங்காப் போடுறேல்லப் போல."

நான் போடவில்லையாம்.

பிறகுதான் அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனேன். முதலே போயிருக்கவேண்டிய இடம். விடிய வெள்ளனப் போய் வரிசையில் இருந்ததைத் தவிரச் செலவில்லை. டொக்டர் இடது காதைப் பார்த்துவிட்டுக் குறும்பியை எடுத்தார், அத்தனை நாளும் கருவியின் வாய் அதில்தான் முட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஒலி புகாத சிறிய அறையில் பரிசோதனை, காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வு வைத்தும் பார்த்தார்கள். குறை நடுக்காதிலா, உள்நரம்புப் பக்கமா என்று பிரிப்பது அந்த எலும்புச் சோதனைதான், மண்டபத்தில் அதைச் செய்யவேயில்லை. கேள்விக் குறைவு சராசரியாக வலது காதில் 72 டெசிபல், இடது காதில் 81. "இதுக்கு இந்தக் குமிழ் சரிவராது ஐயா, உங்கட காதுக்கு அச்சு எடுத்து மோல்ட் செய்யவேணும்" என்றா அங்கே இருந்த பிள்ளை. தாளைக் கேட்காமலே கையில் தந்தா.

தாளோடு கொழும்புக்கு ரயில் ஏறினேன். வெள்ளவத்தையில் மச்சான் வீட்டில் தங்கி, மகள் விசாரித்துச் சொன்ன ஒரு நிலையத்துக்குப் போனோம். அவர்கள் முதலில் என் பழைய சோடியைக் கொம்பியூட்டரில் இணைத்துப் பார்த்தார்கள். இரண்டு விஷயம் வெளியே வந்தது. ஒன்று, நாள் ஒன்றுக்குச் சராசரி 11 மணித்தியாலம் போட்டிருக்கிறேன், கருவியே கணக்கு வைத்திருக்கிறது. மற்றது, அது பெட்டியில் போட்டிருந்த மாடலே இல்லை. பல கம்பனிகள் ஒரே கூட்டில் மேல்தரம், இடைத்தரம், அடித்தரம் என்று விடுகின்றன, வெளியே வித்தியாசம் தெரியாது. எனக்குக் கடையில் காட்டியது மேல்தரம், பலமான ரிசீவர் (காதுக்குள் சத்தத்தை விடுகிற குட்டி ஸ்பீக்கர்), காதை இறுக்கி மூடுகிற குமிழ். விற்றது அடித்தரம், மெலிந்த ரிசீவர். உள்ளே இருந்த பெயரை அவர்கள் வாசித்தபோது மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள், நான் கத்திவிடுவேன் என்று நினைத்தாள் போல.

இங்கே பார்த்தவிதம் வேறு. காதுக்குள் பஞ்சு வைத்து, அதன்மேல் களிபோல ஒன்றை அடைத்து, இறுகியதும் எடுத்து அச்சு செய்தார்கள். மோல்ட் வந்தபின் நூல்போன்ற மெல்லிய குழாயைக் காதுக்குள் விட்டு, கருவி போட்டபடியே செவிப்பறைக்குக் கிட்ட எவ்வளவு சத்தம் வந்துசேருகிறது என்று அளந்தார்கள். "கேட்குதா ஐயா?" என்று என்னிடம் கேட்டு முடிவுசெய்யவில்லை. முன்பு என்ன கேட்டிருக்கவேண்டும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அளவுதான் சொல்லவேண்டும்.

வைப்புப் பணம் வாங்கிக்கொண்டு மூன்று கருவிகளை, ஒவ்வொன்றாக, வீட்டுக்குத் தந்தார்கள். ஒரு கொப்பி வாங்கினேன். மனைவி பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்து, உதடு தெரியாமல் 20 சொல் வாசிப்பாள், நான் கேட்டதை எழுதுவேன். கடை, வடை, சடை எல்லாம் அதில் உண்டு. பழைய கருவியில் 7 சரி. புதியதில் ஒன்று 12, ஒன்று 13, ஒன்று 15. இதையே காலி வீதிப் பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டுச் செய்தபோது 13 எடுத்தது 8 ஆனது, 15 எடுத்தது 12இல் நின்றது. ஏசி அறையில் மூன்றுமே ஒன்றுதான்! குசினியில் தண்ணீர் ஓடும்போது, மீன் பொரிக்கும்போது, மச்சான் முதுகைக் காட்டிக்கொண்டு கதைக்கும்போது (அவன் எப்போதும் அப்படித்தான்) போட்டுப் பார்க்காமல் கருவி வாங்குவது, சட்டையைப் பொம்மையில் பார்த்துவிட்டு வாங்குவதுபோல.

கடைசியில் எடுத்தது காதுக்குப் பின்னால் இருக்கும் தடித்த கருவி, மோல்டோடு. நல்லாகவே தெரியும். தெரியட்டும், ஆட்கள் என்னைப் பார்த்துக் கதைக்கிறார்கள். சோடி 310,000, ஏமாந்ததைவிடக் குறைவு. சார்ஜ் பண்ணுவதை விட்டு, செம்மஞ்சள் ஒட்டி போட்ட 13ஆம் இலக்கப் பற்றரி போடுவதைத் தெரிவுசெய்தேன். ஒட்டியை உரித்துச் சில நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டுத்தான் போடவேண்டும், காற்றில் இயங்குகிற பற்றரி அது. போர்க்காலத்தில் ஊருக்குப் பற்றரி கொண்டுவரத் தடை இருந்தபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோச் செய்தி கேட்டவர்கள் நாங்கள், இன்றைக்கும் ஒரு பற்றரியை எறிய மனம் வராது. வேர்வைக்கும் எங்கள் உப்புக் காற்றுக்கும் இரவில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிப் போத்தலில் வைக்கிறேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். நாதஸ்வரம் தகரத்தில் ஊதுவதுபோல இருக்கிறது, கலியாண மண்டபத்தில் இன்றும் பாதிதான் விளங்கும். ஆனால் வீட்டில் கத்தி கேட்டால் கத்தி கொடுக்கிறேன்.

ஊருக்கு வந்து அந்தக் கடைக்குப் போனேன். "நீங்கள் கேட்டது இந்த மாடல்தானே, பில்லைப் பாருங்கோ" என்றார்கள். பில்லில் ஒன்றுமில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்து முறைப்பாடு கொடுத்தேன், மகள்தான் லைனில் நின்று கதைத்தாள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டியது வியாபாரியின் கடமை. கேட்கிறபோது மாடலின் முழுப்பெயர், இரண்டு கருவியினதும் சீரியல் இலக்கம், எத்தனை நாளுக்குள் திருப்பித் தந்தால் எவ்வளவு காசு வரும் என்பது மூன்றையும் அதிலேயே எழுதுவியுங்கள். கருவியில் பொறித்திருக்கும் இலக்கத்தோடு ஒப்பிட்டு, போனில் படமும் எடுத்துக்கொண்டபின் மீதியைக் கட்டுங்கள். "எங்களை நம்பமாட்டியளோ ஐயா?" என்று கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள்.

விசாரணைக்கு இரண்டு தடவை போயாயிற்று. ஒருமுறை அவர்கள் வரவில்லை. மற்றமுறை காசு தரமாட்டோம், வேறு கருவி மாற்றித் தருகிறோம் என்றார்கள். அவர்கள் தருகிற எதுவும் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பழைய சோடி ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் அலுமாரியில் இருக்கிறது. அடுத்த தவணைக்குக் கொண்டுபோகவேண்டும், அதுவரை எறியவேண்டாம் என்று மனைவி மூடியில் திகதி எழுதி ஒட்டிவைத்திருக்கிறாள்.