மானியத்தை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடுபவர்: காங்கேயத்தில் ஒரு திட்ட அறிக்கை அலுவலகம்

எங்கள் கிராமத்தில் மரச்செக்கு போட பி.எம்.ஈ.ஜி.பி. (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம்) கடன் கேட்க நினைத்தேன். தொழிலின் வரவு செலவைக் காட்டி வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கைக்காக முதலில் போன இடத்தில் அரை மணி நேரத்தில் கையில் கொடுத்துவிட்டார்கள். முதல் ஆண்டிலேயே எண்பது சதவீத உற்பத்தி, அத்தனையும் விற்றுத் தீர்கிறது. மூலப்பொருள் பட்டியலில் உளுந்து மாவு! யாருடைய அப்பளத் தொழிலுக்கோ எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். இதை நம்பிக் கடன் வாங்குகிறவர்கள் கதி என்ன?

பிறகுதான், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் காங்கேயத்தில் நடத்தும் அலுவலகத்துக்குப் போனேன். "நாளைக்கு 50 லிட்டர் விற்கும் என்கிறீர்கள். உங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் ஆகும், அம்மா?" என்று கேட்டார். மூன்று லிட்டர் என்றேன். மாதம் 25 நாள் ஓடினால் 1,250 லிட்டர். நானூறு வீட்டுக்கு மேல் என்னிடமே வாங்க வேண்டும். பென்சிலால் 50-ஐ அடித்து 20 என்று எழுதினார். எந்தெந்த மளிகைக் கடைகள் எடுத்துக்கொள்ளும் என்று நான் விசாரித்து வந்த பிறகே அது 30 ஆனது.

இந்தத் திட்டத்தில் கிராமப்புறப் பெண்களுக்கு 35 சதவீத மானியம் உண்டு. பலரும் அதைக் கைக்கு வரும் பணமாக நினைக்கிறார்கள். அது மூன்று ஆண்டுகள் வங்கியிலேயே வைப்பாக இருந்து பிறகுதான் கடனில் கழியும். இவர் அதை ஒதுக்கிவிட்டே கணக்குப் போட்டார். 2025-இல் கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டியதே, அப்படி மறுபடி ஏறினால் தவணை கட்ட முடியுமா என்று தனித் தாளில் போட்டுக் காட்டினார். இரண்டு செக்கு என்றால் முடியாது. ஒன்று என்றால் தட்டுத்தடுமாறியாவது கட்டிவிடலாம். கடன் தொகையைக் குறைத்துக்கொண்டேன். வெட்டுவது மட்டுமே அவர் வேலையில்லை. மாடு வளர்ப்போர் நிறைந்த பகுதி என்பதால் புண்ணாக்கு விற்பனையையும் வரவில் சேர்க்கச் சொன்னார்.

கட்டணம் மற்ற இடங்களைவிடக் கூடுதல், அது தகும். அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருப்பதுதான் எனக்குப் பெரிய குறை. கடனைக் கட்டப்போகிறவருக்குத் தமிழில் இரண்டு பக்கச் சுருக்கமாவது அவசியம் தர வேண்டும். போகிறவர்கள் இயந்திரத்துக்கான கொட்டேஷனை (விற்பவர் தரும் விலைப்புள்ளியை) கையோடு எடுத்துச் செல்லுங்கள். அது இல்லாமல் அவர் பேச்சைத் தொடங்குவதில்லை.