பிக்கப் வண்டியில் நானே பொருத்திய ரிவர்ஸ் கேமரா

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் விடியற்காலையில் வண்டியைப் பின்னால் எடுத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை தெரியும். தக்காளிப் பெட்டிகளை அடுக்கித் தார்ப்பாய் கட்டிவிட்டால் உள் கண்ணாடியால் பயனில்லை. பக்கக் கண்ணாடிகள் இரண்டு ஓரங்களைக் காட்டும். பின் கதவுக்கு நேர் பின்னே, தரையில் உட்கார்ந்து காய் தரம் பிரிக்கும் பெண்களைக் காட்டாது. சுமை தூக்குபவர் யாராவது "வரட்டும், வரட்டும்" என்று குரல் கொடுத்தால்தான் உண்டு. அந்தக் குரலை மட்டும் நம்பிப் பின்னால் எடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

நான் வாங்கியது 7 அங்குல மானிட்டர், ஒரு கேமரா, 10 மீட்டர் கேபிள் அடங்கிய கிட். இதே அமைப்புள்ள கிட்கள் ஆன்லைனில் பல பெயர்களில் விற்கின்றன. எனக்கு வந்த பெட்டியின் மேல் எந்தப் பெயரும் இல்லை. விலை 3,000 ரூபாய்க்குச் சற்று மேல். 12 வோல்ட், 24 வோல்ட் இரண்டிலும் இயங்கும்.

முதலில் பாராட்ட வேண்டியது கேபிளின் இணைப்பை. கார்களுக்கென்று விற்கும் மலிவான கிட்களில் டிவியில் வீடியோவுக்குச் செருகுவதுபோன்ற மஞ்சள் நிற ஆர்சிஏ முனையைச் செருகுவதோடு சரி. சுமை வண்டி குலுங்கும் குலுக்கலில் அது தளர்ந்துவிடும், மழைநீரும் புகும். இதில் நான்கு ஊசிமுனை (பின்) கொண்ட திருகு இணைப்பு, உள்ளே ரப்பர் வளையம். மரையை இறுக்கிவிட்டால் இழுத்தாலும் வராது. கேமராவுக்கான மின்சாரமும் மானிட்டரிலிருந்து இதே கேபிள் வழியாகப் போகிறது.

எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் அண்ணன், "எல்லாவற்றையும் ரிவர்ஸ் லைட்டிலிருந்தே எடுத்துவிடலாம் தம்பி, சுலபம்" என்றார். நான் அப்படிச் செய்யவில்லை. அப்படி எடுத்தால் ரிவர்ஸ் கியர் போடும்போது மட்டுமே திரை எரியும். சாவி போட்டதும் மின்சாரம் வரும் வயரில் மானிட்டரைக் கொடுத்து, ரிவர்ஸ் லைட் வயரிலிருந்து சமிக்ஞையை மட்டும் எடுத்தால், ரிவர்ஸ் போட்டதும் திரை தானாக மாறும். ஓட்டத்திலும் வேண்டும்போது பின்புறத்தைப் பார்க்கலாம். பொள்ளாச்சி சாலையில் தார்ப்பாய்க் கயிறு அவிழ்ந்து தொங்கியதை நான் பார்த்தது அப்படித்தான்.

குறை என்று பார்த்தால் பவர் வயர். சிவப்பு வயரில் ஃபியூஸ் கிடையாது. இதை நான் சின்னக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எங்கேனும் உரசி இன்சுலேஷன் கிழிந்து சேசிஸில் பட்டால் தீப்பிடிக்க அந்த ஒன்றே போதும். இந்த மானிட்டரும் கேமராவும் இழுப்பது சில வாட் மட்டுமே. மின்சாரம் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு ஹோல்டர் வைத்து 2 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வயரைச் சுரண்டியும் பார்த்தேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம் அது. மேலே வெள்ளையாக இருந்து சுரண்டினால் செம்பு தெரிந்தால் அது வெள்ளீயம் பூசிய நல்ல வயர். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அலுமினிய வயர் சில முறை மடங்கினாலே அறும், வயர் முனையில் அழுத்திப் பொருத்தும் உலோக வளையமான லக்கிலும் நாளடைவில் தளரும். பவர், எர்த் (வண்டியின் இரும்பு உடலோடு இணைக்கும் வயர்) இரண்டுக்கும் வேறு செப்பு வயர் மாற்றினேன்.

எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு போல்ட் முடுக்க வேண்டும். திரையில் கோடுகள் ஓடினால் பெரும்பாலும் எர்த் சரியில்லை என்று பொருள். கிட்டோடு வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கேபிளைக் கம்பெனி வயரிங் போகும் தடத்திலேயே இழுத்துக் கட்டுவது நல்லது. சைலென்சர் குழாய், சுழலும் ஷாஃப்ட், மேலும் கீழும் அசையும் பட்டை ஸ்பிரிங் மூன்றுக்கும் தள்ளியே இருக்கட்டும். மீந்த கேபிள் சீட்டுக்கு அடியில் போகட்டும். கேமராவைப் பின் கதவில் பொருத்த வேண்டாம்; கதவைத் திறந்து தொங்கவிடும்போதெல்லாம் கீல் பக்கம் வயர் மடங்கும். நான் நம்பர் பலகைக்குக் கீழே, பலகையை மறைக்காமல், தனிப் பட்டை அடித்துப் பொருத்தினேன். சேறு படிகிறது, துணியால் துடைத்துக்கொள்கிறேன்.

கேமராவில் ஐபி68 என்று அச்சிட்டிருக்கிறார்கள். நீரில் மூழ்கினாலும் தாங்கும் என்பதே அதன் பொருள்; வாட்டர் சர்வீஸில் பீய்ச்சும் அழுத்த நீரை அது தாங்கும் என்று அந்தக் குறி சொல்லவில்லை. அதற்கான குறி ஐபி69கே. அதனால் சர்வீஸுக்கு விடும்போது, "தம்பி, அந்த இடத்தில் மட்டும் துப்பாக்கியைக் காட்டாதே" என்று சொல்லிவிடுகிறேன்.

இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரிந்து படம் கறுப்பு வெள்ளையாகிறது. சுவரை மிக நெருங்கினால் வெளுத்துப்போகிறது; ஆள் நிற்பது, பெட்டி கிடப்பது தெளிவாகத் தெரிகிறது. பகலில் நேர் வெயில் பட்டால் திரை மங்கும், கைமறைவு பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.

லக்கை அழுத்தும் கிரிம்பிங் பிளையரும், வயரில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லாம்பும் கையில் இருந்து, வயரையும் ஃபியூஸையும் மாற்றிப் போடத் தயாராக இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். பெட்டியில் வந்ததை அப்படியே இணைத்துவிட்டு ஓட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.